அம்மா உட்கார்ந்த டேக்

கத்திரி என்றால் படத்தொகுப்புக் கூடங்கள் வரிசையாக இருக்கும் அந்தத் தெருவில் தெரியாதவர்கள் இல்லை. பிலிம் சுருளைக் கையால் வெட்டி ஒட்டிய காலத்தில் வைத்த பெயர். கத்திரி போய்க் கணினி வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பெயர் மட்டும் போகவில்லை. சின்ன வயதுக்காரர்கள் கத்திரி அக்கா என்பார்கள். வீட்டில் இந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அங்கே அவளுக்கு அம்மா, அண்ணி, பெரியம்மா, ‘இங்க பாரு’ என்று நான்கு பெயர்கள். நான்காவது, கணவர் கூப்பிடுவது.

வயது ஐம்பத்தெட்டு. மூன்றாவது கட்டடத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து நாளைக்குப் பத்து மணி நேரம் படம் வெட்டுகிறாள். இரண்டு திரைகள், எழுத்தெல்லாம் தேய்ந்துபோன ஒரு விசைப்பலகை, குளிர்சாதனப் பெட்டியின் சொட்டு நீரைப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் டப்பா, கழுத்துக்கு ஒரு வெந்நீர்ப் பை. கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, வேலையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொன்னார். எந்த வேலையை என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், படம் வெட்டும் வேலையைத்தான் சொல்லியிருப்பார். வீட்டு வேலை எந்த மருத்துவருக்கும் வேலையாகத் தெரிவதில்லை.

அவளுடைய பிழைப்பை நிர்ணயித்தது ஒரு படம். இருபத்தாறு வருடத்துக்கு முன் கிறிஸ்துமஸுக்கு வந்த ஒரு குடும்பச் சிரிப்புப் படம். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு அறையும் ஒரு குளியலறையும் உள்ள வீட்டில் பண்டிகைக்குப் பதினொரு பேர் வந்து சேருகிறார்கள். மழை பிடித்துக்கொள்கிறது. மூன்று நாள் யாரும் வெளியே போக முடியவில்லை. குளியலறைக்கு வரிசை நிற்கிறது. கேக் கருகுகிறது. மூத்த மகனும் மாப்பிள்ளையும் பழைய சண்டையைத் தூசு தட்டி எடுக்கிறார்கள். அலங்கரித்த மரம் பெரியப்பாவின் மேல் சாய்கிறது. மழை விட்டதும் எல்லோரும் கிளம்பிப் போகிறார்கள். அவ்வளவுதான். அதை வருடா வருடம் தொலைக்காட்சியில் போடுகிறார்கள். அது வந்தபோது பிறந்திராத பிள்ளைகள் அதில் வரும் வசனத்தைச் சொல்லி ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொள்கிறார்கள்.

அதற்குத் தொடர்ச்சியாக இரண்டு படங்கள் வந்தன. இரண்டாவது மூன்று வாரம் ஓடியது. மூன்றாவது ஒன்பது நாள். இப்போது நான்காவது அவளுடைய மேஜையில் இருந்தது.

முதல் படம் மட்டும் ஏன் நின்றது என்பதற்குத் தயாரிப்பாளரிடம் ஒரு விளக்கம் உண்டு. அவரை எல்லோரும் முதலாளி என்பார்கள். முதல் படத்தின் முதல் காட்சிக்கு அவர் ஒரு பழுப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தாராம். அதனால் மற்ற இரண்டு படங்களுக்கும் அதே ஸ்வெட்டர். வயிறு வளர்ந்து பொத்தான் போட முடியாமல் போனபிறகும் அதே ஸ்வெட்டர். சுவரொட்டிக்கு அதே பச்சை, பூஜ்யத்தில் முடியாத தேதி, படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக அதே டிரைவர். இரண்டு படங்கள் குப்புற விழுந்த பிறகும் ஸ்வெட்டர் மேல் அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. காரணத்தைத் தேட ஒரு மனிதனுக்குச் சோம்பலாக இருந்தால் அவன் எதை வேண்டுமானாலும் கும்பிடுவான் என்பது கத்திரியின் எண்ணம். அவரிடம் நேராக ஒருமுறை சொல்லியும் இருக்கிறாள், இவ்வளவு கடுமையாக இல்லை. “ஸ்வெட்டர் போட்டது நீங்க சார். படத்துல நடிச்சது அவங்க” என்றாள். அவர் சிரித்துவிட்டு ஸ்வெட்டரைச் சலவைக்கு அனுப்பினார்.

கத்திரிக்குக் காரணம் தெரியும். பதினொரு வினாடி.

அப்போது அவள் உதவித் தொகுப்பாளர். பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பியிருந்தாள். மாலையானால் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். வீட்டில் மாமியார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெரியப்பா மேல் மரம் விழும் காட்சியை எடுத்த அன்று, இயக்குநர் தானே விழுந்து விழுந்து சிரித்ததில் ‘கட்’ சொல்ல மறந்துவிட்டார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. படச் சட்டத்தின் ஓரத்தில் அம்மாவாக நடித்தவர் இருந்தார். காட்சி முடிந்துவிட்டது என்று நினைத்து, அடுப்புப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். ஒரு செருப்பைக் கழற்றினார். கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்தார். யாரோ உள்ளேயிருந்து உப்பு கேட்டார்கள். செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு எழுந்தார். பதினொரு வினாடி. தலைமைத் தொகுப்பாளர் எங்கே வெட்ட வேண்டும் என்று பிலிமில் மஞ்சள் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்திருந்தார். பிள்ளைக்குப் பால் கொடுக்க ஓடும் அவசரத்தில் கத்திரி அடுத்த கோட்டில் வெட்டிவிட்டாள்.

யாரும் கவனிக்கவில்லை. போட்டுப் பார்த்தபோது தலைமைத் தொகுப்பாளர் சரியாக அந்த ரீலில் தூங்கிக்கொண்டிருந்தார். ஜனங்கள் கவனித்தார்கள். மரம் விழுந்ததற்குச் சிரித்துக்கொண்டிருந்த அரங்கம் அந்தச் செருப்பைப் பார்த்ததும் ஒரு நொடி அடங்கும். பிறகு முன்னைவிடப் பலமாகச் சிரிக்கும். அந்தச் சிரிப்பு வேறு சிரிப்பு. ஒவ்வொரு வரிசையிலும் யாரோ ஒருத்தியின் பக்கம் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். படம் ஐம்பது நாளைத் தாண்டியபோது, அந்த இடத்தைத் தான் வேண்டுமென்றே விட்டுவைத்ததாகத் தலைமைத் தொகுப்பாளர் பேட்டி கொடுத்தார். கத்திரி வாய் திறக்கவில்லை. அந்த வெட்டு கைத்தவறு என்று அவளுக்குத் தெரியும். ஒரு தவறை என்னுடையது என்று சொல்லிக்கொண்டு எப்படிப் போய் நிற்பது என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு நடந்ததுதான் கூத்து. இரண்டாவது படத்தில் அம்மா செருப்பைக் கழற்றுகிற காட்சிக்கு வயலின் சேர்த்தார்கள். பிள்ளைகள் எல்லோரும் சுற்றி மண்டியிட்டுக் கண் கலங்கினார்கள். மூன்றாவது படத்தில் ஆளுக்கொரு ஜோடி செருப்பு வாங்கிப் பரிசளித்தார்கள், ஏழு ஜோடி. ஏழு ஜோடியையும் வாங்கிக்கொண்டு அம்மா எழுந்து போய்ப் பரிமாறினார். வீடும் மாறிவிட்டது. இரண்டாவது படத்தில் எட்டு அறை பங்களா, மூன்றாவதில் கப்பல். சண்டை வந்தால் அவரவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்றால் அப்புறம் எங்கே சிரிப்பு. ஒரே குளியலறைக்கு வெளியே துண்டோடு நிற்கும் ஒன்பது பேரை எழுத அறிவு வேண்டியதில்லை, அப்படி நின்ற ஞாபகம் இருந்தால் போதும். வசதி வந்ததும் எழுதுகிறவர்களுக்கு அந்த ஞாபகம் போய்விட்டது.

அவள் வீட்டிலும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தப் படம் ஓடும். கணவரின் அண்ணன் குடும்பம், நாத்தனார் குடும்பம் எல்லாம் வந்து கூடத்தில் நிறைந்திருப்பார்கள். கத்திரி சமையலறையில் இருப்பாள். அந்தப் படத்தை அவள் இருபது வருடமாகக் காதால்தான் பார்த்துவருகிறாள். கதவு சத்தம் கேட்டால் கேக்கை இறக்க இன்னும் நாலு நிமிடம் இருக்கிறது என்று கணக்கு. மரம் விழும் சத்தம், அடுத்து அந்த ஒரு நொடி அமைதி, அடுத்து கூடத்தில் சிரிப்பு. யாராவது உள்ளே எட்டிப் பார்த்து, “அண்ணி, செருப்பு இடம் வருது, வாங்க” என்பார்கள். அவள் வருகிறேன் என்பாள். கை மாவாக இருக்கும்.

நான்காவது படத்தை இயக்கியவர் முதலாளியின் மைத்துனர். முப்பது வயது, கெட்டவரில்லை, எதற்கெடுத்தாலும் பயம். கதை இப்படி: வயதான அம்மாவின் எட்டு அறை பங்களாவில் மறுபடியும் எல்லோரும் கூடுகிறார்கள். சாப்பாட்டு மேஜையில் சண்டை முற்றுகிறது. அம்மா சூப் சட்டியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்க்கிறார். கூரையைப் பிளந்துகொண்டு ஒரு தேவதை இறங்குகிறது. தட்டுகள் தானாகப் பறக்கின்றன, சூப் தானாக ஊற்றிக்கொள்கிறது, எல்லோரும் மனம் திருந்துகிறார்கள். தேவதைக்கு மட்டும் கணினியில் முப்பது பேர் அறுபது நாளாக வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

இதைப் படித்த அன்று கத்திரிக்குக் கழுத்து வலி மண்டைவரை ஏறியது. ஒரு கிழவியின் கையிலிருந்து கரண்டியை வாங்குவதற்கு வானத்திலிருந்து ஆள் வரவேண்டியிருக்கிறது. பக்கத்து நாற்காலியில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும் நாற்பது வயது, ஐம்பது வயதுப் பிள்ளைகளில் ஒருவன் எழுந்திருப்பான் என்பதை மட்டும் இவர்களால் கற்பனை செய்ய முடியவில்லை. வேலையை மறுத்திருக்கலாம். இந்த வயதில் மறுத்தால் அடுத்தது வருமா என்ற கேள்வி இருந்தது. எடுத்துக்கொண்டாள்.

படப்பிடிப்பின் நான்காம் நாள் எடுத்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த டேக் வந்தது. மேஜைக் காட்சி, இரண்டாவது டேக். பெயர்ச்சீட்டில் ‘வேண்டாம்’ என்று எழுதியிருந்தது. அம்மா சட்டியோடு வருகிறார். அண்ணாந்து பார்க்க வேண்டிய இடத்தில் பார்க்கவில்லை. சட்டியை மேஜையில் வைத்தார். காலியாக இருந்த ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“எனக்கு முடியல. நீங்களே போட்டுக்குங்க.”

கோபமில்லை, அழுகையில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். அதன் பிறகு யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுதிக்கொடுத்த வசனத்தில் இது இல்லை. நடிகர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கேமரா ஓடியது. கடைசியில் மூத்த மகனாக நடித்தவர் எழுந்தார். முதல் படத்திலிருந்து மூத்த மகனாக நடிப்பவர். நிஜத்தில் அம்மாவைவிட ஆறே வயது இளையவர். கரண்டியை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நடுவில் பிடித்தார். முதல் தட்டில் ஊற்றினார், பாதி மேஜையிலும் அவர் சட்டையிலும். மருமகள் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் அம்மாவுக்கும் ஒரு தட்டு வைத்தார். அம்மா குடித்துப் பார்த்து, “உப்பு கம்மி” என்றார். மூன்று நிமிடம் நாற்பது வினாடி.

கத்திரி அதை நான்கு முறை பார்த்தாள். வெந்நீர்ப் பை ஆறிப்போனது தெரியவில்லை.

இருபத்தாறு வருடமாகப் படக்குழுவில் அந்த நடிகையை எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாற்பத்து நாலு வயதில் ஒட்டிய பெயர். அதன் பிறகு அவருக்குக் காதலி, வக்கீல், கொலைகாரி என்று எந்த வேடமும் வரவில்லை. எல்லாம் அம்மா, எல்லாம் சட்டியும் கரண்டியும். கத்திரி ஒருத்திதான் அக்கா என்பாள். அன்று மதியமே அக்காவிடமிருந்து அவளுக்குத் தொலைபேசி வந்தது.

“அந்த ரெண்டாவது டேக் உன் கைக்கு வந்துச்சா?”

“வந்துச்சு அக்கா. உடம்புக்கு என்ன?”

“உடம்புக்கு ஒண்ணுமில்ல. எல்லாரும் தண்ணி கொண்டு வாங்க, டாக்டரைக் கூப்பிடுங்கன்னு ஓடினாங்க. அது நான் நடிச்சதுடி. வீட்டுல பதினஞ்சு நாள் யோசிச்சு வச்சிருந்தேன்.”

முன்னாலேயே சொன்னால் விடமாட்டார்கள் என்பதால் சொல்லவில்லை என்றார். இனிமேல் நடிக்கப் போவதில்லை, முழங்கால் இரண்டும் போய்விட்டது, மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறேன் என்றார்.

“இதுதான் கடைசி. கடைசியாவும் நான் கரண்டியைப் பிடிச்சுக்கிட்டே போகணுமா? நீ பாத்துக்க.”

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வதற்குக் கத்திரி யார்? சொன்னாள்.

அடுத்த வாரம் முதலாளி மைத்துனரோடு வந்து அறையில் உட்கார்ந்தார். கத்திரி அந்த டேக்கை முழுதாக, பின்னணி இசை எதுவும் இல்லாமல் வைத்து, தேவதையை எடுத்துவிட்டுக் காட்டினாள். முதலாளி கடைசிவரை பார்த்தார். ஓரிடத்தில் அவரை அறியாமல் சிரித்ததும் நடந்தது. மூத்த மகன் கரண்டியை நடுவில் பிடித்த இடம். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டார்.

“அவங்களுக்கு முடியாம உட்கார்ந்துட்டாங்க. அதைப் போய் படத்துல வைக்கிறதாம்மா?”

“மொதப் படத்துலயும் முடியாமதான் சார் உட்கார்ந்தாங்க. அதுலதான் நீங்க வீடு கட்டினீங்க.”

மைத்துனர் கூரையைப் பார்த்தார். முதலாளி கோபப்படவில்லை, பொறுமையாக விளக்கினார். அம்மா என்றால் அப்படிப் பேசக்கூடாது. ஜனங்கள் வருவதே அம்மாவைப் பார்க்கத்தான். வீட்டில் இல்லாததைக் கொட்டகையில் தேடி வருகிறார்கள். எனக்கு முடியவில்லை என்று அம்மா சொன்னால் குடும்பம் படத்துக்கு வராது.

“எந்தக் குடும்பம் சார்? எல்லாரையும் எழுப்பி, குளிக்க வச்சு, கெளப்பிக் கூட்டிட்டு வர்றதே அந்த வீட்டு அம்மாதான். அவ பாத்துட்டுப் போறா.”

“நீ நல்லாத்தான் பேசுற. தேவதை வேணும். அவங்களை மறுபடி நிக்க வைக்க வேணாம்னு டூப்பை வச்சு முதுகுப் பக்கமா ஒரு ஷாட் எடுத்திருக்கோம் பாரு, அதைப் போடு. அவங்க அண்ணாந்து பாக்குற மாதிரி இருக்கும்.”

அதற்கு மேல் பேச அவளுக்குத் தெம்பில்லை. முப்பது வருடமாக இந்த அறைகளில் இதே பேச்சு, ஆட்கள் மட்டும் மாறுகிறார்கள். நியாயம் என்று நீங்கள் எதைச் சொன்னாலும் ஜனங்கள் ஏற்கமாட்டார்கள் என்பார்கள். அந்த ஜனங்கள் யார், எங்கே இருக்கிறார்கள், யார் போய்க் கேட்டார்கள் என்று கேட்டால் ஸ்வெட்டரைக் காட்டுவார்கள். அவர்கள் போன பிறகு அவள் டப்பாவில் நிறைந்திருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து, அந்த டேக்கை வெளியே எடுத்தாள். டூப் ஷாட்டைப் போட்டாள். சொன்னதைச் செய்வதற்குத்தானே சம்பளம். அன்று அக்காவுக்குத் தொலைபேசி செய்ய அவளுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை தேவதையை ஒட்டிக்கொண்டு வந்தாள். தேவதை பரிமாறி முடித்து, எல்லோரும் கட்டிக்கொள்ளும் இடத்துக்கு வந்தபோது கை நின்றது. மூத்த மகனின் வெளிர்நீலச் சட்டையில், மார்பிலிருந்து வயிறுவரை, உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. தக்காளி சூப். அடுத்த ஷாட்டிலும் இருந்தது. பரிசுப் பொட்டலம் பிரிக்கும் ஷாட்டில் ஒரு கைக்குட்டையை மேலே செருகியிருந்தார்கள். பாதி வெளியே தெரிந்தது. வாசலில் வழியனுப்பும் காட்சியில் கைக்குட்டையும் இல்லை. எண்ணிப் பார்த்தாள். பதினாலு ஷாட். சூப் தானாகப் பறந்து தட்டில் இறங்குகிறது, ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை, ஆனால் மூத்த மகன் மட்டும் நனைந்திருக்கிறான்.

அந்த டேக்கில் அவர் தன்மேல் ஊற்றிக்கொண்ட கறை. அன்று மதியம் அதே சட்டையோடு மிச்சக் காட்சிகளை எடுத்திருக்கிறார்கள்.

உடைப் பொறுப்பாளரைத் தொலைபேசியில் பிடித்தாள். அந்த அம்மாள் கேட்டதுமே அழாக்குறையாகப் பேசினாள். கசக்கித் துவைத்தும் போகவில்லையாம். கைக்குட்டையை வைத்து மறைத்து எடுங்கள், கணினியில் அழித்துக்கொள்ளலாம் என்று இயக்குநர் சொன்னாராம். மாற்றுச் சட்டை இல்லையா என்று கத்திரி கேட்டாள். இந்தத் தொழிலில் சண்டைக்காரனுக்கு நாலு சட்டை எடுப்பார்கள், குடிகாரனுக்கு மூன்று, குழந்தைக்கு ஐந்து. எந்தப் பாத்திரம் அழுக்காகும், எது கிழியும் என்று கதையைப் படித்துக் கணக்குப் போட்டுத்தான் துணி வாங்குவார்கள்.

“மருமகளுங்களுக்கு எல்லாம் ரெண்டு ரெண்டு எடுத்தேன் மேடம். அம்மாவுக்கு நாலு எடுத்தேன். மூத்தவருக்கு ஒண்ணுதான்.”

“ஏன்?”

“அவரு சூப் பக்கமே போகமாட்டாரே மேடம். இதுக்கு முன்னால மூணு படத்துலயும் போனதில்லையே.”

கத்திரி தொலைபேசியை வைத்தாள். யாரும் சதி செய்யவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் எழுதவில்லை. துணிக்கடையில் நின்று ஒருத்தி தன் அனுபவத்திலிருந்து ஒரு கணக்குப் போட்டிருக்கிறாள். உலகத்தில் எந்தக் கடையில் எவள் நின்றிருந்தாலும் அதே கணக்கைத்தான் போட்டிருப்பாள். தன் மகன் சட்டையைப் பற்றி நினைத்துப் பார்த்தாள். பன்னிரண்டு வாரத்தில் விட்டுவிட்டு ஓடிவந்த பிள்ளை, இப்போது இருபத்தாறு வயது. அவன் சட்டையிலும் குழம்போ சூப்போ பட்டு அவள் துவைத்ததில்லை. அவனை அப்படி வளர்த்தது யார் என்று கேட்டால் கைகாட்ட வெளியே ஆளில்லை. அந்த நினைப்பு பிடிக்காமல் முதலாளிக்குச் சொல்லி அனுப்பினாள்.

மைத்துனரும் அவரும் மதியத்துக்குள் வந்துவிட்டார்கள். பதினாலு ஷாட்டையும் வரிசையாகப் போட்டுக் காட்டினாள். கணினியில் அழிக்கச் சொல் என்றார் முதலாளி. முப்பது பேரும் தேவதையின் சிறகில் இருக்கிறார்கள், இறகு இறகாகப் போய்க்கொண்டிருக்கிறது, அவர்களை இழுத்தால் தேவதை மொட்டையாக வரும் என்றார் மைத்துனர். வெளியே கொடுத்தால் நாற்பது நாள் கேட்கிறார்கள். படம் வெளிவர இருபத்து மூன்று நாள்தான் இருந்தது. மறுபடி எடுக்கலாம் என்றால் வீட்டுச் செட்டைப் பிரித்தாகிவிட்டது; மூத்த மகன் வேறு படத்துக்குத் தலையை மொட்டை அடித்துவிட்டார்.

முதலாளி திரைக்குப் பக்கத்தில் குனிந்து கறையைப் பார்த்தார்.

“தேவதை சிந்திட்டதா வச்சா?”

மைத்துனர் தயங்கினார். “தேவதை சிந்துமா மாமா?”

மூன்று பேரும் அதை உண்மையிலேயே யோசித்தார்கள். கத்திரிகூட யோசித்தாள். சூப்பைக் கொட்டுகிற தேவதை என்றால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு, அவளே அதற்கு ஒரு விளக்கு ஏற்றுவாள். ஆனால் தவறே செய்யாது என்பதற்காகத்தான் அதைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதன் கை நடுங்கியது என்றால் அப்புறம் அதற்குப் பதில் மூத்த மகனே போதுமே.

“சரி” என்றார் முதலாளி, யாரையும் பார்க்காமல். “அந்த டேக்கையே வை. தேவதை பின்னால வந்து மரத்துல விளக்கு போடட்டும். ஆனா அவங்க உட்கார்ற எடத்துல லேசா ஒரு வயலின் வை.”

“வயலின் வேணாம் சார்.”

“லேசாம்மா.”

“சார், அவங்க பேசுறதே லேசாத்தான் பேசுறாங்க. வயலின் வந்தா அது கேக்காது.”

அவர் களைத்துப்போயிருந்தார். அவருக்கும் அறுபத்தெட்டு வயது. கையை ஒருமுறை காற்றில் அசைத்தார், அது சம்மதமா சலிப்பா என்று தெரியவில்லை. சம்மதம் என்று கத்திரி எடுத்துக்கொண்டாள். அவர்கள் படி இறங்கும் சத்தம் ஓய்வதற்குள் டேக்கைத் திரும்ப அதன் இடத்தில் வைத்து, முன்னும் பின்னும் சரிபார்த்து, சேமித்துவிட்டாள். மூன்று நிமிடம் நாற்பது வினாடி, ஒரு வெட்டு இல்லாமல்.

இதனால் படம் நல்ல படமாகிவிடவில்லை. அது அவளுக்குத் தெரியும். எட்டு அறை, தேவதை, கட்டிப்பிடித்து அழும் பத்து நிமிடம் எல்லாம் அப்படியே இருந்தன. நாலு நிமிடம் பிழைத்தது, அதுவும் ஒரு கறையால். யாருக்கும் புத்தி வந்து எதுவும் நடக்கவில்லை. இத்தனை வருடம் பேசிய நியாயமெல்லாம் செய்யாததை மாற்றுச் சட்டை இல்லாதது செய்தது என்று நினைத்தபோது சிரிப்பும் வந்தது, ஒரு பக்கம் எரிச்சலும் வந்தது.

அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். மகள் எடுத்து, தூங்குகிறார் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து குரல் வந்து தொலைபேசியை வாங்கிக்கொண்டது.

“இருக்கா?”

“இருக்கு அக்கா.”

“முழுசாவா?”

“முழுசா. பாட்டு, வயலின் எதுவும் இல்ல.”

“எந்தப் புண்ணியவான் ஒத்துக்கிட்டான்?”

“யாரும் ஒத்துக்கல. அவருக்குச் சட்டை ஒண்ணுதான் எடுத்திருந்தாங்க.”

சட்டைக் கதையை முழுதாகச் சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்பு ஆரம்பித்து, இருமலாகி, மகள் தண்ணீர் கொடுக்கும் சத்தம் கேட்டது. திரும்ப வந்தபோது குரல் அடங்கியிருந்தது.

“எனக்கு எத்தனை எடுத்தாங்களாம்?”

“நாலு.”

அந்தப் பக்கம் ஒரு மின்விசிறி ஓடுவது கேட்டது.

“நாலும் புதுசாவே இருக்கும்ல” என்றார் கடைசியில். “ஒண்ணை எனக்கு வாங்கிக் குடு. நான் என் மேல ஒரு சொட்டுகூடச் சிந்தலையே.”

கேட்டு வாங்கி அனுப்புவதாகக் கத்திரி சொன்னாள். படம் எப்படி வந்திருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு உடைப் பொறுப்பாளருக்குப் போட்டாள். யாருடையது என்று கேட்டதற்கு, அம்மாவோடது என்று சொல்லப் போய், நிறுத்தி, அக்காவின் பெயரைச் சொன்னாள். அந்தப் பெயர் யாருடையது என்று உடைப் பொறுப்பாளருக்கு விளக்க வேண்டியிருந்தது.